சின்னக் கம்பெனியில் வெயிலைச் சமாளிப்பது: எங்கே தொடங்குவது?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் பிற்பகலில், ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் பிரிவில் நின்றிருந்தேன். மேலே சிமென்ட் ஷீட் கூரை, கீழே வரிசையாக ஸ்டீம் அயர்ன் மேஜைகள். முதலாளி அக்கறையுள்ளவர்தான். மூலையில் பெரிய தண்ணீர் டிரம் வைத்திருந்தார், பக்கத்தில் சங்கிலி கட்டிய டம்ளர். மணி இரண்டரை ஆகியும் காலையில் ரொப்பிய தண்ணீர் அப்படியே கிடந்தது. 'ஏனுங்க அக்கா, தண்ணியே குடிக்கலையா?' என்று ஒருவரிடம் கேட்டேன். கை நிற்காமலே பதில் வந்தது: 'குடிச்சா போகோணுமுல்லங்க.'

கழிப்பறை இரண்டு மாடி கீழே இருந்தது. பெண்களுக்கு ஒன்றே ஒன்று. போய் வரக் கால் மணி நேரம். அவருக்குச் சம்பளம் பீஸ் கணக்கில், தேய்த்த துணிக்கு இவ்வளவு என்று. அந்தக் கால் மணி நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

பருவநிலை மாற்றம், தொழிலாளர் நலம் என்று எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் எனக்கு அந்த டிரம்தான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை 10 பேர் முதல் 100 பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்கானது. புதிதாக எச்.ஆர். வேலைக்கு வந்தவர், சூப்பர்வைசராக உயர்ந்தவர், அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கி நடத்தத் தொடங்கியிருப்பவர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான திருப்பூர், கோவைப் பக்கத்து உதாரணங்களே அதிகம் வரும். செங்கல் சூளைக்கும் ஹோட்டல் சமையலறைக்கும் கட்டட வேலைக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலாளியை ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு 241 கோடிப் பேர் வேலையிடத்தில் அளவுக்கு மீறிய வெப்பத்தைச் சந்திக்கிறார்கள். அதனால் ஏற்படும் காயங்கள் 2.28 கோடி, சாவுகள் ஏறத்தாழ 19,000. இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்து, வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. வெப்ப அலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இவ்வளவு சொல்லியும் முதலாளி அசையவில்லை என்றால் உற்பத்தியைப் பற்றிப் பேசுங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 20 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் வேலைத் திறன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

முதல் வேலை: பிற்பகலில் ஒரு நடை

எதையும் வாங்குவதற்கு முன் பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் கம்பெனியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். காலையில் நடந்து பயனில்லை. கூரை ஷீட் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இறக்குவது மதியத்துக்கு மேல்தான். ஆபீஸ் அறையின் ஏசியிலிருந்து நேராகப் போகாதீர்கள். பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டுப் போனால்தான் உள்ளே இருப்பவர்கள் படுவது தெரியும்.

கையில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி ஒன்று இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாது. அதனால்தான் 40 டிகிரி வறண்ட வெயிலைத் தாங்கும் ஆள், கடற்கரை ஊரின் 36 டிகிரிப் புழுக்கத்தில் சுருண்டுவிடுகிறார். துணி தேய்க்கும் இடம், சாயப்பட்டறை, ஹோட்டல் சமையலறை எல்லாம் ஊர் எதுவானாலும் உள்ளுக்குள் கடற்கரை மாதிரிதான்.

வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டோடு நேர் வெயிலின் சூட்டையும் காற்றோட்டத்தையும் கணக்கில் எடுக்கும் ஓர் அளவு உண்டு. ஆங்கில எழுத்துகளில் டபிள்யூ.பி.ஜி.டி. என்பார்கள். கத்தாரில் 2021 முதல் இந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையையே நிறுத்த வேண்டும் என்று சட்டம். நம் பக்கத்து ஆட்கள் பலர் அந்தச் சட்டத்தின் கீழ் அங்கே வேலை செய்துவிட்டு, ஊருக்கு வந்து எந்த அளவும் இல்லாத இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. அந்தக் கருவிக்கு விலை கொஞ்சம் அதிகம். 30 பேர் வேலை செய்யும் இடத்துக்கு முதல் வருடமே வேண்டாம். பாய்லர் பக்கத்திலோ உலைப் பக்கத்திலோ ஆள் நிற்கிறார் என்றால் வாங்கலாம்.

நடக்கும்போது நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சூட்டைக் கக்கும் மெஷின் எங்கே, காற்று அசையாத மூலை எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் கடைசி இரண்டுக்கும் எத்தனை அடி என்று நடந்தே எண்ணுங்கள். அப்புறம் ஆட்களிடம் பேசுங்கள். 'சூடா இருக்கா?' என்று கேட்டால் 'பழகிருச்சுங்க' என்பதுதான் பதிலாக வரும். 'வீட்டுக்குப் போனதும் தலைவலி வருமா? சிறுநீர் எரிச்சல் உண்டா? போன வருசம் கத்திரியில் யாராவது மயங்கி விழுந்தாங்களா?' என்று கேளுங்கள். பெண்களிடம் இதைக் கேட்க ஒரு பெண் போவதுதான் நல்லது.

தண்ணீருக்கு முன் கழிப்பறை

குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொல்லாத கையேடே கிடையாது. குடிக்காமல் இருப்பதற்கான காரணத்தைத்தான் யாரும் தொடுவதில்லை. கழிப்பறை தூரமாக இருந்தால், அழுக்காக இருந்தால், தாழ்ப்பாள் சரியில்லை என்றால், போய்வர சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும் என்றால், பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மாதவிடாய் நாட்களில் கேட்கவே வேண்டாம். முதல் செலவை இங்கே செய்யுங்கள்: தாழ்ப்பாள், பல்பு, குழாயில் தண்ணீர், மூடியுள்ள குப்பைக்கூடை, ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவ ஓர் ஆள். டோக்கன் முறை இருந்தால் அன்றைக்கே தூக்கிவிடுங்கள். கழுவும் ஆளின் கூலி போக, இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு ஏர் கூலர் விலைக்குள் முடிந்துவிடும்.

இனித் தண்ணீர்க் கணக்கு. வெப்பத்தில் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா இருப்பதாலும் பயனில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போவதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். ஆளுக்கு ஒரு ஷிப்டில் சுமார் 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கு 240 லிட்டர். 20 லிட்டர் கேனில் 12 கேன். நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் 40 பேருக்கு 4 கேன் வாங்கிவிட்டு 'தண்ணிக்கு ஒரு குறையும் இல்லைங்க' என்பார்கள்.

தண்ணீர் இருக்கும் இடமும் முக்கியம். தளத்தின் ஒரு மூலையில் ஒரே டிரம் வைப்பதைவிட வரிசைக்கு ஒரு கேன், ஆளுக்கு ஒரு பாட்டில் என்று வைத்தால் நிச்சயம் அதிகம் குடிப்பார்கள். துணியில் தண்ணீர் சிந்திவிடும் என்று தையல் மேஜையில் பாட்டில் வைக்க விடாத கம்பெனிகள் உண்டு. மேஜைக் காலில் ஒரு கம்பி வளையம் மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் என்றால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்று சொன்னது. 249 பேர் இருக்கும் இடத்தில் சுடுதண்ணீர் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மண்பானையில் ஊற்றி வையுங்கள்.

உப்பு போவதை ஈடுகட்ட நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கஞ்சி எல்லாம் நல்லவை. மதியம் வயிறாரச் சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ரொம்ப வேர்த்து ஊற்றுபவர்களுக்கும் கால் தசை பிடித்துக்கொள்பவர்களுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி கொடுக்கலாம். கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் அந்தப் பெயரோடு விற்ற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அவை அந்தப் பெயரைப் போடவே தடை விதித்தது. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்கு இதைத் தினமும் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

ஓய்வு, பீஸ் ரேட்

இந்த விஷயத்தில்தான் முதலாளிகளோடு எனக்கு அதிகம் வாக்குவாதம் வந்திருக்கிறது. 'நான் ரெஸ்ட் எடுக்க வேண்டாம்னு சொல்லலையே, அவங்கதான் எடுக்க மாட்டேங்கறாங்க' என்பார்கள். அது உண்மைதான். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஓய்வு என்பது சொந்தப் பணத்தில் எடுக்கும் விடுமுறை. கடன் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கும். உடம்பு நிறுத்து என்று சொன்னாலும் கை நிற்காது. வெயிலில் ஆள் விழுவதற்குக் கூரை எவ்வளவு காரணமோ, கூலிக் கணக்கும் அவ்வளவு காரணம்.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் டன் கணக்கில்தான் கூலி. நிக்கராகுவா, எல் சால்வடோர் பக்கத்தில் சர்க்கரை நோயும் இல்லாத, ரத்த அழுத்தமும் இல்லாத இளவயது ஆண்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். எல் சால்வடோரில் 2015 வாக்கில் ஒரு தோட்டத்தில் சோதனை செய்து பார்த்தார்கள்: முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, எடுத்துச் செல்லக்கூடிய நிழல் கூடாரம், மணிக்கணக்கு வைத்துக் கட்டாய ஓய்வு, கொஞ்சம் மேம்பட்ட அரிவாள். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டும் கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. அரிவாளுக்கும் அதில் பங்கு உண்டு, எல்லாப் புகழும் ஓய்வுக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழுந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை என்று காட்ட இது போதும்.

நம் ஊருக்குக் கணக்குப் போடுவோம். அயர்னிங்கில் ஒருவர் 8 மணி நேரத்தில் 600 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1 ரூபாய் 25 காசு. மதிய உணவு இடைவேளை போக, தினமும் 10 நிமிடம் வீதம் மூன்று ஓய்வு கொடுத்து, அந்த 30 நிமிடத்துக்கும் அவருடைய போன வாரச் சராசரியைக் கொடுத்தால் ஆளுக்கு 37 ரூபாய் 50 காசு. 20 பேருக்கு ஒரு நாளைக்கு 750 ரூபாய். மார்ச் நடுவிலிருந்து மே கடைசி வரை 60 வேலை நாள் என்றால் 45,000 ரூபாய். அந்த இரண்டரை மாதத்தில் லீவு போட்டவர்கள், வேலையை விட்டே போனவர்கள், வேர்வை பட்டு ரிஜெக்ட் ஆன பீஸ்கள் இதற்கெல்லாம் எவ்வளவு போனது என்று உங்கள் சொந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நான் அந்தக் கணக்கை உங்களுக்காகப் போட மாட்டேன். போட்டால் முதலாளி நம்ப மாட்டார், அவரே போட்டால்தான் நம்புவார்.

ஓய்வைப் பிரிவு முழுக்க ஒரே நேரத்தில் மணி அடித்துக் கொடுங்கள். தனித்தனியாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டார்கள். ஓய்வெடுக்கும் இடமும் வேலையிடத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதே ஷீட்டின் கீழ் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தால் உடம்பின் சூடு இறங்காது. வேப்பமர நிழல் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம்: தமிழ்நாட்டில் 2021இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தே ஆக வேண்டும்.

வேலை நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கேரளத்தில் தொழிலாளர் துறை கோடையில் மதியம் 12 முதல் 3 வரை வெட்டவெளி வேலையை நிறுத்தச் சொல்லி ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. உங்கள் கட்டட வேலைக்கு அப்படி உத்தரவு இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்குள் என்றால், தேய்க்கும் வேலையைக் காலையிலும், செக்கிங், பேக்கிங் போன்றவற்றைப் பிற்பகலிலும் வைத்தாலே பாதிச் சூடு குறையும். காலை 6 மணிக்கு ஷிப்ட் தொடங்கலாம் என்று மட்டும் ஆபீஸில் உட்கார்ந்து முடிவெடுத்துவிடாதீர்கள். 6 மணிக்கு வர வேண்டிய பெண் 3 மணிக்கு எழுந்து சமைக்க வேண்டும். தூக்கம் குறைந்தவரை வெயில் சீக்கிரம் சாய்க்கும். கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கூரை

கூரைக்கு வெளிப்புறம் வெள்ளை அடிப்பது மலிவான, உடனே பலன் தெரியும் வேலை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பெயின்ட் என்று தனியாகவே விற்கிறார்கள். பணம் இல்லையென்றால் சுண்ணாம்பில் பசை கலந்து அடிக்கலாம். மழைக்குப் பின் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே சில டிகிரி குறைவதைக் கருவியிலேயே பார்க்கலாம். பழைய சிமென்ட் ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். அதைச் சுரண்டுவதோ துளை போடுவதோ உடைப்பதோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். மேலே ஆள் ஏறும்போது ஷீட் உடைந்து விழுந்து சாவதும் நடக்கிறது. பலகை போட்டு, கயிறு கட்டி ஏற்றுங்கள்.

ஏர் கூலர் வாங்குவதற்கு முன் உங்கள் ஊரின் காற்றைப் பாருங்கள். ஈரத் திரை வழியாகக் காற்றை இழுக்கும் கூலிங் முறை, மார்ச் ஏப்ரலில் வறண்டு கிடக்கும் திருப்பூரிலும் கரூரிலும் நன்றாகவே வேலை செய்யும். அதையே தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ போட்டால் புழுக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியது மாதிரி ஆகும். அங்கே சூட்டையும் நீராவியையும் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் பேன்தான் உதவும். ஸ்டீம் குழாய்க்கு உறை சுற்றுவதும் பாய்லரைத் தளத்துக்கு வெளியே கொண்டுபோவதும் இரண்டு ஊருக்கும் பொருந்தும். காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் பேன் உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் மேலே வீசும். அந்த நேரத்துக்கு ஈரத்துணியும் ஓய்வும்தான் வழி.

புதிதாக வந்தவர், ஊருக்குப் போய்வந்தவர்

வெப்பத்தால் வேலையிடத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறந்தார்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணக்கு. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம், அடுத்தடுத்த நாட்களில் 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போவது அவர்கள் சொல்லும் முறை. பழகிய ஆள் லீவில் போய்விட்டு வந்தால் 50 சதவீதத்தில் தொடங்கி நான்கு நாளில் முழு வேலைக்குக் கொண்டுவரலாம்.

நம் கம்பெனிகளில் இது யாருக்குப் பொருந்தும் என்று யோசியுங்கள். ஹோலிக்கு ஊருக்குப் போன பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்குவது சரியாக வெயில் ஏறும் நேரத்தில். வந்த அன்றே நைட் ஷிப்ட் போட்டு, மறுநாள் காலையும் நிற்க வைப்பார்கள். ஒரு நாளாவது தூங்க விடுங்கள். பாதுகாப்பு அறிவிப்புகளை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். அதைவிட, அவர்களில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் சொல்லச் சொல்வது மேல்.

அவர்கள் தூங்கும் அறையையும் போய்ப் பாருங்கள். தகர ஷெட்டில் பத்துப் பேர், ஒரு பேன், ஜன்னல் கிடையாது என்றால், பகலில் நீங்கள் செய்ததெல்லாம் வீண். பகல் சூட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவில்தான்.

யார் யார் மேல் கூடுதல் கண் வைப்பது?

கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்கள், முந்தைய இரவு குடித்தவர்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. கர்ப்பம் என்று தெரிந்ததும் சூடு குறைந்த இடத்துக்கு, அதே சம்பளத்தில் மாற்றுங்கள். சம்பளம் குறையும் என்றால் அவர் சொல்லவே மாட்டார். இந்தப் பட்டியல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் பட்டியலாக மாறினால், அடுத்த வருடம் உங்களிடம் யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை.

மயங்கி விழுந்தால்

இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள், வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகையும் பாருங்கள். தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, அதிக வேர்வை, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால், நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கோபப்படுகிறார், தடுமாறுகிறார், வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். உழைத்துக்கொண்டே விழுபவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். ஒருவர் 108க்கு போன் செய்யட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும்: உடையைத் தளர்த்தி, குழாயைத் திறந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, பேன் வீசி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. நினைவு சரியில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுத்துப் பயனில்லை, இது காய்ச்சல் அல்ல. கண் பட்டது, காத்துக் கருப்பு என்று மிளகாய் சுற்றி நேரத்தைக் கடத்திய இடமும் எனக்குத் தெரியும்.

மழை வந்தால்

வெயில் அளவுக்கு எழுத இதில் இல்லை. ஆனால் மறந்துவிடவும் முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தில் சிக்கி இருவர் இறந்தார்கள். ரெட் அலர்ட் நாளில் ஆட்களை வரச் சொல்வதில்லை, அன்றைய சம்பளத்தைப் பிடிப்பதில்லை என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அந்த நாளில் யோசித்தால் ஷிப்மென்ட் தேதிதான் ஜெயிக்கும். தண்ணீர் வடிந்தபின் சுத்தம் செய்பவர்களுக்கு கம்பூட்ஸும் ரப்பர் கையுறையும் கொடுங்கள். காலில் புண் உள்ளவரை இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடக் கூடாது.

நோட்டும் நாட்காட்டியும்

ஒரு 100 பக்க நோட்டு போதும். தினமும் பிற்பகல் 3 மணிக்கு வெப்பநிலை, ஈரப்பதம், எத்தனை கேன் தண்ணீர் தீர்ந்தது, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, எத்தனை பேர் லீவு. இரண்டு வருடம் எழுதினால் எந்த வாரத்தில் எந்தப் பிரிவு படுத்துப்போகிறது என்று உங்களுக்கே தெரியும். விழுந்தவரின் பெயரோடு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண்ணையும் எழுதிவையுங்கள். பலருக்கு அட்டை இருப்பதே தெரியாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதற்கு உரியவர்கள்.

கத்திரி மே 4ஆம் தேதி தொடங்குகிறது. திருப்பூரில் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் ஓரளவு தப்பித்தோம். ஆக, ஜனவரியில் கழிப்பறை, பிப்ரவரியில் கூரை, மார்ச் முதல் வாரத்தில் ஓய்வு மணியும் பீஸ் ரேட் கணக்கும், ஹோலி முடிந்து ஆட்கள் திரும்புவதற்குள் அவர்கள் தங்கும் அறை. கூரைக்கு வெள்ளை அடிக்க பிப்ரவரியிலேயே ஆளைச் சொல்லி வையுங்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் வர மாட்டார், வந்தாலும் அந்த வெயிலில் அவரை ஷீட் மேல் ஏற்றக் கூடாது.